பின்னால் போகும் பட்டனின் கதை

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு கவுண்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி எது தெரியுமா? வட்டி எவ்வளவு என்பது இல்லை. "தம்பி, பணம் அனுப்பிட்டு இருக்கும்போதே பின்னால வந்துட்டேன், காசு போயிருக்குமா?" என்பதுதான். சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ் வியாபாரியும் இதைக் கேட்கிறார். கரமனை அக்ரகாரத்து மாமியும் கேட்கிறார். மலையாளிகள் கேட்டால் "சாரே, பேக் அமர்த்திப் போயி, பைசா போயோ?" என்று வரும். மொழிதான் வேறு, பயம் ஒன்றே.

இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் பிள்ளைகள் இதை இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள். ஆனால் கணக்குப் புத்தகம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை சுலபமாகவே புரியும். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் உபயோகமான விஷயமும் இருக்கிறது.

ஓலையிலிருந்து ஆரம்பிப்போம்

இந்த ஊரில் கோட்டைப் பகுதியில், பத்மநாப சுவாமி கோயிலுக்குப் பக்கத்திலேயே கேரள ஆவணக் காப்பகத்தின் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் கோயிலும் மிருகக்காட்சிசாலையும் கோவளமும் காட்டி அனுப்பிவிடுகிறோம். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் ராஜ்யத்தின் நில வரி, கோயில் வரவு செலவு, அரச ஆணைகள் எல்லாம் கட்டுக் கட்டாக ஓலையில் உள்ளன. கோயில் கணக்குகளுக்கு மதிலகம் ஆவணங்கள் என்று பெயர். ஒரு கட்டைச் சுருணை என்பார்கள். வட்டெழுத்து, கோலெழுத்து, பழைய தமிழ் எல்லாம் அதில் உண்டு.

ஓலைக் கட்டில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கயிற்றைத் தளர்த்தினால் முந்தைய ஓலைக்குப் புரட்டிப் போகலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், ஒன்றும் கெடாது. இரண்டு, எழுத்தாணியால் கீறியதை அழிக்க முடியாது. தப்பு வந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டியதுதான்.

புரட்டுவது வேறு, அழிப்பது வேறு. இந்த வித்தியாசம் ஓலைக் கணக்கு எழுதியவருக்குத் தெரியும். 1494-ல் வெனிஸ் நகரத்தில் இரட்டைப் பதிவு முறையைப் புத்தகமாக அச்சிட்ட லூக்கா பாச்சோலி காலத்துக் கணக்கருக்கும் தெரியும். இன்றைக்கும் வங்கியில் ஒரு பதிவு தவறாகப் போய்விட்டால் அதை அழிப்பதில்லை. அதற்கு நேர் எதிரான இன்னொரு பதிவைப் போட்டுச் சரிசெய்கிறோம். தவறும் திருத்தமும் இரண்டும் அதனதன் தேதியோடு பேரேட்டில் இருக்கும். கம்பெனிகள் கணக்கு வைக்கும் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடயம் இருக்க வேண்டும், அந்த வசதியை அணைத்து வைக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் சட்டமே இருக்கிறது.

செல்போனுக்கு வந்தபோதுதான் இந்த இரண்டும் குழம்பிப் போயின. எப்படி என்று பார்ப்போம்.

தட்டு அடுக்கு

கம்ப்யூட்டருக்கு "எங்கிருந்து வந்தோம்" என்று ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். ஆலன் டூரிங் 1946 வாக்கில் தன் கணிப்பொறித் திட்ட அறிக்கையில் இதை யோசித்திருக்கிறார். ஒரு வேலைக்கு நடுவில் இன்னொரு வேலைக்குப் போகும்போது திரும்பி வர வேண்டிய இடத்தைக் குறித்து வைப்பதற்கு அவர் வைத்த பெயர் "புதை". திரும்பி வரும்போது "தோண்டி எடு". நல்ல பெயர்கள்தான், ஆனால் நிலைக்கவில்லை. பிறகு வந்த பெயர் ஸ்டாக், அதாவது அடுக்கு.

மெஸ்ஸில் கழுவி அடுக்கிய தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுக்க முடியும். காமர்ஸ் படித்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். நம் சரக்கு மதிப்பீட்டில் வரும் லிஃபோ! கடைசியில் வந்தது முதலில் போகும். இந்தியக் கணக்கியல் தரம் 2 சரக்குக் கணக்கில் இதை ஏற்பதில்லை. ஆனால் உங்கள் செல்போன் முழுக்க முழுக்க இதில்தான் ஓடுகிறது. புதிய திரைக்குப் போனால் மேலே ஒரு தட்டு, பேக் அமுக்கினால் மேல்தட்டு போய்விடும், கீழே இருந்த திரை தெரியும். அவ்வளவுதான் அதன் மொத்த ரகசியம்.

வெறுமனே படித்த காலம்

1987-ல் ஆப்பிள் நிறுவனத்துக்காக பில் அட்கின்சன் உருவாக்கிய ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளில் அட்டை அட்டையாகத் தகவல் இருக்கும். பின்னால் போகும் வசதி அதிலேயே உண்டு. கடைசியாகப் பார்த்த 42 அட்டைகளைச் சின்னப் படங்களாகக் காட்டும் வசதியும் இருந்தது. 1990-ல் டிம் பெர்னர்ஸ் லீ வலையை உருவாக்கினார். 1993-ல் மொசைக், 1994-ல் நெட்ஸ்கேப் என்று உலாவிகள் வந்தன. இடது பக்கம் பார்த்த அம்புக்குறி உலகத்துக்கே பழக்கமானது அப்போதுதான். நம் நாட்டுப் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். மூலம் இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. பிறகு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அந்த அம்புக்குறியைத்தான் அதிகம் அமுக்கியிருப்போம்.

அப்போது அது சாதுவான பட்டன். காரணம், வலையில் இருந்தது எல்லாம் படிக்கும் பக்கங்கள். ஓலையைப் புரட்டுகிற மாதிரிதான்.

வலையின் விதிகளை எழுதியவர்கள் ஒரு நுட்பமான விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டார்கள். 1999-ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 விதிநூலில், பின்னால் போகும்போது காட்ட வேண்டியது அந்தப் பக்கத்தின் இன்றைய நிலையை அல்ல, நீங்கள் முன்பு பார்த்தபோது அது எப்படி இருந்ததோ அதை என்ற கருத்து இருக்கிறது. பாஸ்புக் உவமை சரியாகப் பொருந்தும். போன மாதப் பக்கத்தைத் திருப்பினால் போன மாத இருப்புதான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "பணம் இன்னும் இருக்கிறதே" என்று செக் எழுதினால் என்ன ஆகும்? நமக்குத் தெரியும்.

பணம் வந்தது, பயமும் வந்தது

வலையில் படிப்பதோடு கொடுப்பதும் வாங்குவதும் சேர்ந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. உலாவி வலைத்தளத்தோடு பேச முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று "இதைக் காட்டு" என்று கேட்பது. பத்துத் தடவை கேட்டாலும் பாதகமில்லை. இன்னொன்று "இதைப் பதிவு செய்" என்று கொடுப்பது. இதை இரண்டு தடவை கொடுத்தால் இரண்டு பதிவு விழலாம். பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தால், அல்லது ரிஃப்ரெஷ் செய்தால், கொடுத்த படிவமே இன்னொரு தடவை போகும் அபாயம் இருந்தது.

2002 ஆகஸ்ட் 3-ல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தது. வெளியூரில் இருக்கும் நமக்கெல்லாம் தீபாவளி, பொங்கல் டிக்கெட்டுக்கு விடியற்காலையில் ஸ்டேஷன் வரிசையில் நிற்கும் வேலை மிச்சமானது. கூடவே "பணம் பிடித்துவிட்டது, டிக்கெட் வரவில்லை" என்ற புது வகைக் கவலையும் வந்தது. 2009 ஆகஸ்ட் 1 முதல், கார்டு எண்ணை மட்டும் கொடுத்து இணையத்தில் வாங்க முடியாது, இன்னொரு ரகசியச் சொல்லும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடு, எத்தனையோ மோசடிகளைத் தடுத்தது. ஆனால் அதன்படி கடைக்காரர் பக்கத்திலிருந்து வங்கிப் பக்கத்துக்கும், வங்கியிலிருந்து மறுபடி கடைக்கும் திரை தாவும். மூன்று கை மாறும் இடத்தில் நடுவில் ஒருவர் பின்னால் திரும்பினால் யாருக்கு எது போய்ச் சேர்ந்தது என்பதே குழப்பம்.

அதனால்தான் "தயவுசெய்து பேக் அல்லது ரிஃப்ரெஷ் அமுக்காதீர்கள்" என்ற வாசகம் நம் திரைகளில் நிரந்தரமாகக் குடியேறியது. யோசித்துப் பாருங்கள், ஒரு வீட்டில் கதவையும் வைத்து, "இந்தக் கதவைத் திறக்காதே" என்று போர்டும் மாட்டியது மாதிரி இல்லையா? சரியான மருந்து அது இல்லை. பதிவு முடிந்ததும் படிவப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்காமல் ரசீதுப் பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டும், ஒரே படிவம் இரண்டாம் தடவை வந்தால் வங்கிக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும். இந்த வழிகள் அப்போதே இருந்தன. நன்றாக எழுதப்பட்ட தளங்கள் செய்தன. மற்றவை போர்டு மாட்டின.

செல்போனில் ஆளுக்கு ஒரு வழி

இதற்கிடையில் செல்போன் தன் வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. 2000-ல் வந்த நோக்கியா 3310 ஞாபகம் இருக்கிறதா? அதில் சி என்று ஒரு சின்னப் பட்டன். ஒரு தடவை அமுக்கினால் மெனுவில் ஒரு படி பின்னால் வரும். அமுக்கிப் பிடித்தால் மெனுவை விட்டே வெளியே வந்துவிடும். என் அனுபவத்தில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிடச் சுலபமான பட்டன் இன்றுவரை வரவில்லை.

2007-ல் ஐபோன் வந்தது. முகப்பில் ஒரே பட்டன், அது வீட்டுக்குப் போகும் பட்டன். பின்னால் போக ஆப்பின் உள்ளே திரையின் இடது மேல் மூலையில் ஒரு எழுத்து. எங்கே திரும்பப் போவது என்பது அந்தந்த ஆப்பின் பொறுப்பு. 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதில் பேக்குக்கு என்று தனிப் பட்டன், போனின் உடம்பிலேயே. அது ஒரு ஆப்புக்குள் மட்டும் இல்லை, ஆப் விட்டு ஆப்பும் திரும்பக் கூட்டிப் போகும். மெசேஜில் வந்த லிங்கை அமுக்கி வேறு ஆப்புக்குள் போயிருந்தால், பேக் அமுக்கினால் மறுபடி மெசேஜ்.

2011-ல் ஆண்ட்ராய்டு 4.0 வந்தபோது இன்னொரு அம்பு சேர்ந்தது. மேலே ஆப்பின் பெயர்ப் பக்கத்தில் ஒன்று, கீழே போனின் பேக் ஒன்று. இரண்டும் இடது பக்கம் பார்க்கும், ஆனால் அர்த்தம் வேறு. கீழே உள்ளது, யாரிடமிருந்து வந்தோமோ அவரிடம் திரும்புவது. மேலே உள்ளது, மேலதிகாரியிடம் போவது.

வெளியூரில் வாழும் நமக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பெங்களூரில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு திருவனந்தபுரம் வந்து இறங்கியவரிடம் "திரும்பிப் போங்க" என்றால் எங்கே போவார்? வந்த வழியே பெங்களூருக்கா, சொந்த ஊரான தஞ்சாவூருக்கா? மலையாளத்தில் திரும்பிப் போவதற்கு "மடங்ஙுக" என்பார்கள். நம்முடைய "மடங்கு"தான் அது. வந்த வழியிலேயே மடங்குவது ஒன்று, வேரைத் தேடிப் போவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே அம்புக்குறியைப் போட்டால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

குழப்பம் அதோடு நிற்கவில்லை. சில கம்பெனிகள் பேக்கை இடது பக்கம் வைத்தார்கள், சாம்சங் வலது பக்கம் வைத்தது. 2015-ல் ஐபோனிலும் முந்தைய ஆப்புக்குத் திரும்ப மேல் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வழி வந்தது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10 பட்டனையே எடுத்துவிட வழி செய்தது. திரையின் ஓரத்திலிருந்து, இடமோ வலமோ, உள்பக்கமாக விரலை இழுத்தால் பேக். பட்டன் இருந்தவரை அமுக்கினால்தான் பின்னால் போகும். இப்போது போனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து விரல் நகர்ந்தாலே போகும். கை நடுங்கும் வயதில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று கவுண்டரில் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். (போனின் செட்டிங்ஸில் பழைய மூன்று பட்டன்களைத் திரும்பக் கொண்டுவரலாம். அப்பா அம்மா போனில் முதலில் இதைச் செய்து கொடுங்கள்.)

இதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள் போலும். 2022-ல் ஆண்ட்ராய்டு 13-ல் ஆரம்பித்து, விரலை இழுக்கும்போதே "இங்கேதான் போகப் போகிறாய்" என்று முந்தைய திரையை லேசாக எட்டிப் பார்க்கக் காட்டும் ஏற்பாட்டைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பிடிக்கவில்லை என்றால் விரலைத் திருப்பிவிடலாம். புரட்டுவதற்கு முன்னால் ஓலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி!

இரண்டு பின்களுக்கு நடுவில்

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் நம் பணம் செல்போனுக்குள் வந்தது. 2016 ஏப்ரல் 11-ல் யு.பி.ஐ. அறிமுகமானது. நவம்பர் 8-ல் பண மதிப்பிழப்பு. டிசம்பர் 30-ல் பீம் ஆப். இந்த ஊருக்கு இன்னொரு மாற்றமும் சேர்ந்து வந்தது. 1945-ல் திருவிதாங்கூர் வங்கியாகத் தொடங்கி, பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர், 2017 ஏப்ரல் 1-ல் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. ஐந்து மாதத்துக்குள் நோட்டு மாறியது, பணம் அனுப்பும் முறை மாறியது, பலருக்கு வங்கியின் பெயரே மாறியது. எல்லாவற்றையும் ஒரு ஆறு அங்குலத் திரையில் புரிந்துகொள் என்றால் எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்? பயந்துபோய் பேக் அமுக்குவார்.

அந்த நேரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது? யாருக்கு, எவ்வளவு என்று நிரப்பும் வரை எல்லாமே உங்கள் போனில் இருக்கும் காகிதம்தான். பிறகு ரகசிய எண் கேட்கும் திரை வரும். கவனித்திருப்பீர்கள், எந்த ஆப்பாக இருந்தாலும் அந்தத் திரை ஒரே மாதிரி இருக்கும். அது அந்த ஆப்புக்குச் சொந்தமில்லை, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பொதுவான திரை. அதில் எண்ணைப் போட்டு உறுதி செய்த நொடியில் உத்தரவு போனை விட்டுப் போய்விட்டது. தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டாயிற்று. அதற்கப்புறம் வீட்டுக்குத் திரும்பி நடந்தால் கடிதம் கையில் வந்துவிடுமா?

தமிழில் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம். பின் என்றால் ரகசிய எண், பின் என்றால் பின்னால். பின் போடுவதற்கு முன் பின்னால் போனால் ஒன்றுமே நடக்கவில்லை. பின் போட்ட பின் பின்னால் போனால் திரைதான் மாறும், பணம் மாறாது :-)

உண்மையில் காசு நஷ்டமாவது பேக்கினால் இல்லை, அதற்கு அடுத்த காரியத்தால்தான். பின்னால் வந்ததும் பழைய படிவம் பெயரும் தொகையுமாக அப்படியே நிற்கும். பாஸ்புக்கின் பழைய பக்கம்! "போகலை போலிருக்கு" என்று நினைத்து மறுபடி அனுப்புவார்கள். அது புது உத்தரவு. இரண்டும் போய்ச் சேரும். வங்கியின் கண்ணில் இரண்டுமே நீங்கள் ரகசிய எண் போட்டுக் கொடுத்த சரியான உத்தரவுகள். பெற்றவர் மனசு வைத்தால்தான் திரும்பி வரும். தெரிந்த கடைக்காரர் என்றால் கொடுத்துவிடுவார். எண் மாறிப் போன வேற்று ஆள் என்றால்?

எதிர்ப்பக்கம் போய்ச் சேராமல் நடுவில் நின்ற பணத்துக்கு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பி, உங்கள் கணக்கில் பிடித்து, அவர் கணக்கில் சேரவில்லை என்றால், பரிமாற்ற நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது தானாகத் திரும்பி வர வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகவில்லை என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு, நீங்கள் கேட்காமலேயே வர வேண்டும். அப்படித் திரும்பி வரும் பணமும் பழைய பதிவை அழித்து வருவதில்லை. ஸ்டேட்மெண்டில் பாருங்கள், பற்று ஒரு வரி, வரவு இன்னொரு வரி. ஓலைக் கணக்குக்காரர் பார்த்தால் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தலையாட்டுவார்.

வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க

ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் போனில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலையில்தான் நம்மில் பலர் இருக்கிறோம். "பேக் அமுக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். பயம்தான் கூடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

1. ரகசிய எண் போடும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்னால் வரலாம். ஒன்றும் ஆகாது. சந்தேகம் வந்தால் பின்னால் வந்துவிடுவதுதான் நல்லது. யாராவது போனில் அவசரப்படுத்தினால் கட்டாயம் பின்னால் வந்துவிட வேண்டும்.

2. எண் போட்ட பிறகு திரை சுற்றிக்கொண்டே இருந்தாலும், தெரியாமல் பின்னால் வந்துவிட்டாலும், மறுபடி அனுப்பக் கூடாது. முதலில் ஆப்பில் பரிவர்த்தனை வரலாற்றைப் பார்க்க வேண்டும். அங்கே "நிலுவையில்" என்று இருந்தால் அனுப்பியாயிற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

3. அந்த வரியில் 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டால் வங்கியில் எங்களுக்குத் தேடிக் கொடுப்பது சுலபம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாதவர்கள் நாட்காட்டித் தாளில் குறித்துக்கொண்டு வந்தாலே போதும்.

ஆப் எழுதும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் இதே ஊரில்தான் இருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளைகளே பலர் அங்கே வேலை செய்கிறார்கள். பணம் போன பிறகு பேக் அமுக்கினால் நிரப்பிய படிவத்தை மறுபடி காட்டாதீர்கள். அந்தத் தட்டுகளை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டு முகப்புக்குக் கொண்டுபோய் விடுங்கள். அதற்கான வசதி உங்கள் கையில் இருக்கிறது, சில வரிகளில் முடிகிற வேலை. "ஏதோ தவறு நிகழ்ந்தது" என்று எழுதுவதற்குப் பதிலாக "பணம் போகவில்லை" அல்லது "பணம் போய்விட்டது" அல்லது "இன்னும் தெரியவில்லை, மறுபடி அனுப்ப வேண்டாம்" என்று மூன்றில் ஒன்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். கவுண்டருக்கு வந்து கேட்கிறவர்களுக்கு வேண்டியது இந்த மூன்றில் ஒரு பதில்தான்.